வழிக்க மறுத்த கை

அயோத்தியாப்பட்டணம்,
3-2-2025

அக்காவுக்கு,

உன்னோடு இனிப் பேச மாட்டேன் என்று கனிஷ்கா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். இதைப் படித்துவிட்டுப் போன் அடிக்காதே. சத்தியம் உடைந்து பிள்ளை மேல் போய் விழுந்தால் நான் என்ன செய்வேன்? நீயும் எழுது. ஐந்தாவதோடு நின்றவள்தான், தெரியும். தப்பு வந்தால் வரட்டும், எனக்குப் புரியும்.

கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. மாமாவின் கருமாதிப் பந்தலில், அத்தனை சனம் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, என் வீட்டுக்காரரைக் கை நீட்டி, "என்ற ஊட்டுக்காரரக் கொன்னது நீங்கதானுங்க மாப்பிள்ளை, நீங்க குடுத்த மாத்தரதானுங்க" என்றாய். அந்த நேரத்திலும் 'ங்க' போட்டுப் பேசினாய் பார், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. அவர் இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தவர், அதன் பிறகு ஒரு மாதம் மெடிக்கல் கடையில் யாரிடமும் நிமிர்ந்து பேசவில்லை.

அது இருக்கட்டும். விஷயம் கனிஷ்காவைப் பற்றி.

போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸ் செய்துவிட்டாள். வருகிற 24-ஆம் தேதி சேலத்தில் ஓட்டமும் நீளம் தாண்டுதலும் வைக்கிறார்கள். பொங்கல் கழிந்து அவளுக்கு நீர்க்கடுப்பும் குளிர் காய்ச்சலும் வந்தது. அவள் அப்பாவே மாத்திரை கொடுத்தார், ஏழு நாளில் சரியானது. மறுபடி ஆத்தூர் ரோட்டில் காலையில் ஓட ஆரம்பித்தாள். இப்போது ஒரு வாரமாகக் குதிகாலுக்குப் பின்னால், கயிறு மாதிரி மேலே போகுமே, அந்த இடத்தில் வலி என்கிறாள். வலது கால். படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது சுவரைப் பிடிக்கிறாள். கொஞ்சம் நடந்தால் விடுகிறது. ஓடிவிட்டு வந்தால் மறுபடி பிடிக்கிறது. பயிற்சி கொடுக்கிற சார், "சுளுக்கும்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

சுளுக்கு என்றதும் எனக்கு உன் கைதான் ஞாபகம் வந்தது. இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவி வழித்தால் சுளுக்கு விடும் என்பார்களே, அந்தக் கை. உன் வாசலுக்கு நொண்டிக்கொண்டு வந்தவர்கள் நடந்து போனதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் கழுத்து பிடித்துக்கொண்டு தலை திரும்பாமல் நின்றேனே, நீ வழித்துவிட்டுத்தானே மாலை ஏறியது.

வீட்டுக்கு வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ராமர் கோயில் மண்டபத்துக்கு வா. கனிஷ்காவைக் கூட்டி வருகிறேன். நான் தள்ளி நின்றுகொள்கிறேன். அவள் காலை மட்டும் வழித்துவிட்டுப் போய்விடு. என் மேல் உள்ள கோபத்தை அவளிடம் காட்ட மாட்டாய் என்று நம்புகிறேன். மூன்று வயது வரை உன் மடியில் கிடந்தவள்.

செல்வி


எருமப்பட்டி,
7-2-2025

அம்மிணி செல்விக்கு, அக்கா சௌந்திரம் எழுதிக்கொண்டது.

உன் கடிதம் நேற்று வந்தது. நான் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன். தபால்காரர் ஷெட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அங்கேயே நின்று படித்தேன். முதல் அடி வைக்கும்போது சுவரைப் பிடிக்கிறாள் என்ற இடம் வந்ததும் கையில் இருந்த முட்டை அட்டை நழுவிவிட்டது. முப்பது முட்டையும் தரையில். சூப்பர்வைசர் என்னமோ சொன்னார், எனக்குக் காதில் விழவில்லை.

நான் வர மாட்டேன், செல்வி. அவள் காலைத் தொட மாட்டேன். வேறு யாரையும் தொட விடாதே. கோபத்தில் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

மாமாவும் அப்படித்தான் சுவரைப் பிடித்தார். அதே கால். அதே கயிறு. அதே முதல் அடி.

நான் கேட்பதற்குப் பதில் எழுது. மாப்பிள்ளை அவளுக்குக் கொடுத்தது எந்த மாத்திரை? மாமாவுக்குக் கொடுத்த அதே நீள மாத்திரையா? ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதன் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்து எழுதுகிறேன்: லெவோஃப்ளாக்சசின். 'ஃப்ளாக்சசின்' என்று வால் முடிகிற மாத்திரை எல்லாம் ஒரே இனம் என்று சொன்னார். மாத்திரை அட்டையை எடுத்துப் பார். வலிக்கிற இடம் தடித்திருக்கிறதா? தொட்டால் சூடாக இருக்கிறதா? இன்னொரு காலிலும் வலி உண்டா?

அவளை ஓட விடாதே. குதிக்க விடவே விடாதே. மாடிப்படி ஏறும்போது கூட முன்பாதத்தை ஊன்றி எம்ப வேண்டாம் என்று சொல். எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போ. இந்த மாத்திரை சாப்பிட்டாள் என்று முதலில் சொல். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்.

இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேருமா தெரியவில்லை. போன் எடுத்து இரண்டு தடவை உன் பேரை அழுத்தப் போனேன். கனிஷ்கா தலையில் அல்லவா சத்தியம் செய்து வைத்திருக்கிறாய். வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியது இருக்கிறது. எழுத வரவில்லை.

சௌந்திரம்


அயோத்தியாப்பட்டணம்,
11-2-2025

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை பத்து மணியில் இருந்து ஒரு மணி வரை மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். கனிஷ்கா காலைக் கழுவி, கொலுசைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாப் பக்கம் இருந்து வருகிற ஆட்களை எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தாள். "பெரியம்மா வந்துருவாங்கம்மா, நாமக்கல்ல பஸ்ஸு மாறணும்ல" என்றாள். கோயில் பூட்டிய பிறகுதான் எழுந்தாள். திங்கட்கிழமை உன் கடிதம் வந்தது.

ஆமாம், அதே மாத்திரைதான். ஒளிக்க என்ன இருக்கிறது? பெற்ற பிள்ளைக்கே கொடுக்கிறார் என்றால் அவருக்கு அதில் சந்தேகம் இல்லை என்றுதானே அர்த்தம்? இருபத்திரண்டு வருடமாக இந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். டாக்டருக்கு வழியில்லாதவர்கள் எத்தனை பேர் "ஜீவா அண்ணா, ஏதாவது குடுங்க" என்று வந்து குணமாகிப் போயிருக்கிறார்கள். எவர் காலும் கழன்று விழவில்லை. நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். "உங்கக்கா துக்கத்துல பேசுது, விடு" என்று மட்டும் சொன்னார். சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டார்.

மாமா ஓட்டிய லாரி மோதியதற்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்? டிரைவர் கவனக்குறைவு என்று போலீஸ் எழுதினார்கள். குடி என்று ஊரில் சொன்னார்கள். மாமா குடிக்க மாட்டார், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். கண் அசந்திருக்கலாம் இல்லையா? அறுபத்தொரு வயதில் லாரி ஓட்டினால் அசராதா?

உனக்குப் பிள்ளை தங்கவில்லை. என் பிள்ளை காக்கி போட்டு நிற்பதைப் பார்க்க உனக்குப் பொறுக்கவில்லை என்று எழுதக் கை போகிறது. எழுதியும் விட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை.

நீ வராவிட்டால் போ. வாழப்பாடியில் ஒருத்தர் இருக்கிறார். கால் முன்னால் வந்து பிறந்தவராம். சுளுக்கு மேல் ஏறி மிதித்தால் அந்த இடத்திலேயே விட்டுவிடுமாம். வருகிற ஞாயிறு காலை அங்கே போகிறோம்.

செல்வி

இடது காலும் நேற்றில் இருந்து லேசாக வலிக்கிறது என்கிறாள். உனக்கு இதை எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன்.


எருமப்பட்டி,
15-2-2025

செல்வி,

பிள்ளை தங்காதவள் என்று நீ எழுதியது நிஜம்தானே. இரண்டைப் பெற்றேன். ஒன்பது நாளில் இரண்டும் போய்விட்டன. கைக்கு மட்டும் அந்தப் பேர் நின்றது. அதற்காக எனக்கு உன் மேல் கோபம் இல்லை. கடைசியில் இடது கால் என்று இரண்டு வரி எழுதியிருந்தாய். அதைப் படித்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இதைத் தபாலில் போட்டால் அதற்குள் வாழப்பாடி போய்விடுவீர்கள். அதனால் விடிந்ததும் முதல் பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். துக்கம் கழியாதவள் வாசல் ஏறக் கூடாது என்பார்கள். ஏற மாட்டேன். கேட்டுக்கு வெளியே நின்று கொடுத்துவிட்டுப் போகிறேன். பேச மாட்டேன்.

பந்தலில் நான் சொன்னது பாதி. மீதியை இப்போது எழுதுகிறேன்.

ஐப்பசி மழையில் மாமாவுக்குச் சளி கட்டிக்கொண்டு இழுப்பு வந்தது உனக்குத் தெரியும். மாப்பிள்ளை நல்ல மனதோடுதான் மாத்திரை கொடுத்தார். சளிக்கு அந்த நீள மாத்திரை, இழுப்புக்குச் சின்ன வெள்ளை மாத்திரை. பத்து நாள் சாப்பிட்டார். மூச்சு சரியானது. அதன் பிறகு குதிகால் வலி. அவர் அதைச் சிரிப்பாகத்தான் சொன்னார். "மிதிச்சு மிதிச்சுத் தேஞ்சு போச்சு சௌந்திரம், கடைக்குப் போயி புதுசா ஒண்ணு மாட்டியாரோணும்."

பெங்களூருக்கு முட்டை லோடு கிளம்புகிற அன்று காலை எண்ணெய் காய்ச்சிக் காலைப் பிடித்தேன். அந்தக் கயிறு தடித்துப் போய், தொட்டால் சூடாக இருந்தது. சுளுக்கு அப்படி இருக்காது, செல்வி. எத்தனை வருடம் கால் பிடித்த கை இது. இது வேறு என்று என் கைக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் விடவில்லை. சௌந்திரம் வழித்துச் சரியாகவில்லை என்று இந்த ஊரில் யாரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை. கட்டை விரலை வைத்து அழுத்தி இழுத்தேன்.

"ஐயோ, உடு புள்ள!" என்று காலை இழுத்தார்.

"பொறுத்துக்கங்க, புடிப்பு உடறப்ப வலிக்கத்தான் செய்யும்" என்று மறுபடியும் இழுத்தேன். விரலுக்குக் கீழே மணலை மிதித்த மாதிரி நறநறவென்று இருந்தது. இப்போது முட்டையை எடுக்கும்போதெல்லாம் விரலில் அது தெரிகிறது.

எழுந்து இரண்டு அடி வைத்துப் பார்த்தார். "இந்த நடைக்கு வேற ஆள ஏத்தி உடட்டுமா? ஒரு வாரம் ஊட்ல கெடக்கறேன்" என்றார். கேட்டார், செல்வி. அவராகக் கேட்டார். "நான் வழிச்சு உட்டுருக்கறேன், அப்புறம் என்ன? போயிட்டு வாங்க, செரியாயிரும்" என்று நான்தான் அனுப்பினேன்.

மறுநாள் திரும்பி வரும்போது தொப்பூர் இறக்கம். பின்னால் மக்காச்சோளம் லோடு. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பேசினாரே, அப்போது என்னிடம் சொன்னதை யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. "பிரேக்க மிதிச்சேன். குதிகால்ல யாரோ கட்டையில அடிச்ச மாதிரி பட்டுன்னு ஒரு சத்தம். யார்ரான்னு திரும்பிப் பாத்தேன். ஆருமில்ல. மறுக்கா மிதிச்சேன். கால் இருந்துச்சு சௌந்திரம். மிதி இல்ல." இடது காலைத் தூக்கி வைப்பதற்குள் முன்னால் போன கண்டெய்னர் வந்துவிட்டது. கண் அசரவில்லை. முழிப்பாகத்தான் இருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் போய் மோதினார்.

நெஞ்சு அடிக்குத்தான் எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்ன வயது டாக்டரம்மா மட்டும் காலைப் பார்த்தார். குதிகாலுக்கு மேல் விரலை வைத்தால் பள்ளம். கயிறு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. "சமீபத்துல என்ன மாத்திரை சாப்பிட்டார்?" என்று கேட்டார். நான் பையில் இருந்த அட்டையைக் காட்டினேன். அவர் சொன்னதை நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன். இந்த மாத்திரை கிருமிக்கு நல்லதுதான். ஆனால் சில பேருக்குக் குதிகால் தசைநாணை நைய வைத்துவிடும். நாம் நரம்பு என்கிறோம், அவர் தசைநாண் என்றார். எல்லாருக்கும் வராது, அபூர்வமாகத்தான் வரும். அறுபது தாண்டியவர்களுக்கும், இழுப்புக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையைச் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கும், காலுக்கு ரொம்ப வேலை கொடுத்து ஓடுகிற பிள்ளைகளுக்கும் அதிகம். மாத்திரை முடிந்து மாசக்கணக்கில் கழித்தும் வரலாம். வலி வந்ததுமே காலுக்கு ஓய்வு கொடுத்து டாக்டரிடம் போக வேண்டும் என்றார்.

ஓடுகிற பிள்ளைகள் என்று அவர் சொன்னபோது நான் கனிஷ்காவை நினைக்கவில்லை. இப்போது அந்த வார்த்தை மட்டும்தான் காதில் இருக்கிறது.

கடைசியில் கேட்டார், "யாராவது அழுத்தித் தேச்சு விட்டீங்களா? நைஞ்சு போனதை அப்படிச் செய்யக் கூடாது" என்று. இல்லைங்க என்று சொல்லிவிட்டேன்.

மாத்திரை நைய வைத்தது. நான் பிடித்து இழுத்தேன். எது அறுத்தது என்று எனக்குத் தெரியாது. பந்தலில் என் பங்கை மறைத்துவிட்டு மாப்பிள்ளை பங்கை மட்டும் கத்தினேன். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். என் கையை யாரும் பார்க்கவில்லை. அதற்காகத்தான் கத்தினேன் போலிருக்கிறது.

அவரிடம் இதைக் காட்டு. கனிஷ்காவிடமும் காட்டு. என்னைத் திட்டட்டும், துப்பட்டும். வாழப்பாடிக்கு மட்டும் போக வேண்டாம், சாமி. உன் காலில் விழுகிறேன், அவளை ஓட விடாதே.

சௌந்திரம்


எருமப்பட்டி,
23-2-2025

செல்வி,

ஒரு வாரம் ஆகிவிட்டது. நீ ஒன்றும் எழுதவில்லை. நாளைக்கு ஓட்டம். இதை இப்போது போட்டால் ஓட்டம் முடிந்த பிறகுதான் உனக்கு வரும் என்று தெரியும். சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ கடிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாய். மாப்பிள்ளை கடை ஷட்டரைப் பாதி தூக்கிய மாதிரியே நின்று என்னைப் பார்த்தார். கனிஷ்கா மட்டும் கேட்டுப் படியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். "பெரியம்மா, ஒரே ஒரு தடவ. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. சும்மா நீவி மட்டும் விடுங்க" என்றாள். பார்த்தேன். தடித்துத்தான் இருக்கிறது, கண்ணுக்கே தெரிகிறது. கை தானாகப் போயிற்று. பயந்து இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். ரோட்டில் ஒரு ஸ்கூட்டர்க்காரன் திட்டிவிட்டுப் போனான். அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. அப்படியே விட்டுவிட்டு வந்து பஸ் ஏறிவிட்டேன்.

பண்ணையில் ஒரு முட்டை உடைந்தால் திரும்பிப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டில் விறகு ஒடித்தால் திரும்பிப் பார்க்கிறேன். அவர் சொன்ன சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ஆனால் எங்கேயும் அதுதான் கேட்கிறது.

நாளைக்கு எத்தனை மணிக்கு அவள் பேரைக் கூப்பிடுவார்கள்? அதை மட்டுமாவது எழுதியிருக்கலாம்.

சௌந்திரம்


அயோத்தியாப்பட்டணம்,
26-2-2025

அக்கா,

முதலில் இதைப் படி. அவள் ஓடவில்லை. கால் நரம்பு அறுந்து போகவில்லை. இனி மெதுவாகப் படி.

நீ கொடுத்த கடிதத்தை நான் படித்துவிட்டு அவரிடம் நீட்டினேன். கடையில் நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் அந்த மாத்திரைப் பெட்டியை எடுத்தார். உள்ளே பொடி எழுத்தில் இங்கிலீஷில் அச்சடித்து மடித்த காகிதம் ஒன்று இருக்கும், உனக்குத் தெரியுமா? யாரும் அதைப் பிரிப்பதில்லை. சில்லறையாக இரண்டு மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்துத்தான் நாங்கள் மடித்துக் கொடுப்போம். கிழிக்கிறது நான்தான். அதைப் பிரித்துக் கனிஷ்காவைப் படிக்கச் சொன்னார். அவள் வரி வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டு போய் ஒரு இடத்தில் நிறுத்தினாள். டாக்டரம்மா உன்னிடம் சொன்னது அத்தனையும் அதில் இருக்கிறது. வெளிப் பெட்டியில் கூட இருக்கிறது.

"இருபத்திரண்டு வருஷமா இதுலயே மாத்திரைய மடிச்சுக் குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்து மூடினார். பகலில் கடை மூடியதை நான் பார்த்ததே இல்லை.

வாழப்பாடி போகவில்லை. ஆனால் ஓட மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. "எட்டு மாசமா ஓடியிருக்கேன். ரெண்டரை நிமிஷம்தான்மா. அது முடிஞ்சதும் எந்த டாக்டர்கிட்ட வேணாலும் வரேன்" என்றாள். அவர் கெஞ்சினார், நான் கத்தினேன், ஷூவை ஒளித்து வைத்தேன். தோழியின் ஷூவை வாங்கி வந்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க உனக்கு எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவது? அவள் ஓடத்தான் போகிறாள் என்றா?

திங்கட்கிழமை மைதானத்துக்கு மூன்று பேரும் போனோம். எங்களை வெளியே கம்பி வேலி ஓரம் நிறுத்திவிட்டார்கள். நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு வரிசையில் நின்றாள். முன்னால் ஐந்தைந்து பேராக ஓடினார்கள். ஒவ்வொரு விசிலுக்கும் அவர் வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். நான் அவள் காலைத் தவிர வேறு ஒன்றையும் பார்க்கவில்லை. நின்ற இடத்தில் எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டாள். கீழே குனிந்து பார்த்தாள். அவள் நம்பரைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது முறையும் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த போலீஸ் அம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டு, ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மெல்ல நடந்து வந்தாள்.

வேலிக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் அழுதாள். என்னம்மா என்றேன். "பெரியம்மா எத்தன பேரு காலப் பிடிச்சிருப்பாங்க. என் காலப் பாத்துப் பயந்து பின்னால போனாங்கம்மா. நம்பரக் கூப்புட்டதும் அதுதான் கண்ணு முன்னால வந்துச்சு. அந்தக் கையே பயந்துச்சுன்னா நான் எப்படி ஓடறது?" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் கெஞ்சிக் கத்தி நடக்காததை நீ பேசாமல் செய்துவிட்டாய்.

அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் போனோம். ஸ்கேன் எடுத்தார். வலது காலில் உள்ளே பாதி நைந்து இழை இழையாகப் பிரிந்திருக்கிறது. தாண்டிக் குதித்திருந்தால் அங்கேயே போயிருக்கும் என்றார். இடது காலும் வீங்கத் தொடங்கியிருக்கிறது. முழங்கால் வரை பூட்ஸ் மாதிரி ஒன்று மாட்டியிருக்கிறார்கள். ஆறு மாதம் ஓடக் கூடாது. ஆறுமா என்று கேட்டேன். பெரும்பாலும் ஆறும், மெதுவாகத்தான் ஆறும், அதுவரை பத்திரம் என்றார். அந்தப் 'பெரும்பாலும்' என்ற வார்த்தையோடுதான் வீட்டுக்கு வந்தேன். அவள் பாத்ரூம் போக எழுந்தால் கூட நான் சத்தத்துக்குக் காது கொடுத்து நிற்கிறேன். அப்பாவோடு அவள் இன்னும் பேசவில்லை.

அவர் கடையைத் திறக்கவில்லை. இந்த மாத்திரையை யார் யாருக்குக் கொடுத்தேன் என்று யோசித்து யோசித்து வீடு வீடாகப் போய்க் கேட்கிறார். நேற்று பால்காரரிடம் போய், "குதிகால் வலி ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அவர், "ஆமாண்ணா, பத்து நாளா. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாராம். இவர் அங்கேயே வாசலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரைக் கையோடு டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டு வந்தார்.

உன்னிடம் வர வேண்டும் என்கிறார். வந்து என்ன சொல்வது என்று தெரியவில்லை என்கிறார்.

நான் அன்றைக்கு எழுதினேனே, பிள்ளை தங்காதவள் என்று. அந்தக் காகிதத்தை எனக்கே திருப்பி அனுப்பு. நானே அடுப்பில் போடுகிறேன்.

செல்வி


எருமப்பட்டி,
2-3-2025

அம்மிணி செல்விக்கு,

முதல் வரியைப் படித்துவிட்டு ஷெட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன்.

நீ கேட்ட காகிதம் இதற்குள் இருக்கிறது.

நேற்று வாசலில் ஒருத்தர் காலை இழுத்துக்கொண்டு வந்தார். கரும்பு வெட்டுகிறவர், அறுபது வயது இருக்கும். "அம்மா, சுளுக்குங்க, கொஞ்சம் வழிச்சு உடுங்க" என்று உட்கார்ந்தார். மாமா போன பிறகு நான் யார் காலையும் தொடவில்லை. தள்ளி நின்றே, "ஏனுங்க, இந்த ஒரு மாசம் ரெண்டு மாசத்துல காய்ச்சலுக்கோ சளிக்கோ ஏதாச்சும் மாத்தர சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "காலுக்குக் கேட்டா சளியக் கேக்கறீங்களே" என்று சிரித்தார். பிறகு யோசித்துவிட்டு, ஆமாங்க என்றார். பெயர் தெரியாதாம். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி, அட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். கைராசி போய்விட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லும். சொல்லட்டும்.

மாப்பிள்ளையை இங்கே வரச் சொல்லாதே. பந்தலில் இருந்த சனம் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறது. முதலில் அவர்களிடம் என் பங்கை நான் சொல்ல வேண்டும். இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். ஒருத்தி என் கையைப் பார்த்தாள். அதன் பிறகு தண்ணீர் கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டாள். மீதிப் பேரிடமும் சொல்லிவிட்டு நானே வருகிறேன்.

வந்து கனிஷ்கா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் எழுந்தால் தோள் கொடுக்கிறேன். காலைத் தொட மாட்டேன்.

உன்னோடு பேச மாட்டேன், செல்வி. நீயும் பேசாதே. பெரும்பாலும் என்றுதானே டாக்டர் சொன்னார். அவள் தலையில் செய்த சத்தியத்தை இப்போது போய் உடைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பூட்ஸைக் கழற்றி, அவள் சுவரைப் பிடிக்காமல் முதல் அடி வைக்கட்டும். அதுவரை ஒரே வீட்டில் இருந்தாலும் எழுதிக்கொள்வோம். நீ அடுப்படியில் இருந்து எழுது, நான் கட்டிலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தை மாப்பிள்ளை கொண்டுவந்து கொடுக்கட்டும். அவள் எழுந்து நடக்க வேண்டாம்.

சௌந்திரம்